ஆமான்னாளா, ஆமைன்னாளா

கோவில்பட்டியில் தண்ணித்தொட்டித் தெரு என்று ஒரு தெரு. தொட்டி உண்டு, தண்ணீர்தான் கிடையாது. அந்தத் தெருவில் போய் ஆவுடைத்தங்கம் வண்ணமீன் கடை வைத்ததை ஊரே அதிசயமாகப் பேசியது. அதற்குப் பிறகு நடந்ததை அவ்வளவு அதிசயமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. கடையின் வாசலோரக் கண்ணாடித் தொட்டியில் சுந்தரி என்ற பெண் ஆமை, தாசில்தார் என்ற ஆண் ஆமையின் முகத்துக்கு நேரே முன்னங்கால் இரண்டையும் நீட்டி நகங்களைப் படபடவென்று ஆட்டத் தொடங்கிய காலையில், எதிர்த்த டீக்கடைச் சண்முகையாவுக்கும் கை ஆடத் தொடங்கியது.

சண்முகையா அப்போது டீ ஆற்றிக்கொண்டிருந்தார். பால்கேனைத் தூக்கிக்கொண்டு அவர் பெண்சாதி பேச்சித்தாய் கடைக்குள் வந்தாள். தினமும் வருகிறவள்தான், தினமும் அவளைப் பார்த்து, "ஏன் இவ்வளவு நேரம்?" என்று எரிந்து விழுகிறவர்தான். அன்றைக்கு அவர் வாய் திறக்குமுன் இரண்டு கையும் டம்ளரை விட்டுவிட்டு நெஞ்சுக்கு நேரே எழும்பி, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கத் திரும்பி, விரல்கள் அத்தனையும் அவள் முகத்துக்கு முன்னால் படபடவென்று ஆடின. இடது சுண்டுவிரல் மட்டும் மற்ற விரல்களுக்கு ஒரு நொடி பிந்தி ஆடியது. டீ முழுக்கப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் மடியில்.

"என்ன வந்துச்சு ஒங்களுக்கு?" என்றாள் பேச்சித்தாய். கேட்டு முடிக்குமுன் அவள் கையும் கேனை விட்டுவிட்டு எழும்பிவிட்டது. பேரன் பேத்தி எடுத்த இரண்டு பேரும் கொட்டிய பாலுக்கு நடுவில் நின்று ஒருவருக்கொருவர் விரலை ஆட்டிக்கொண்டிருந்ததை, டீ கிடைக்காதவர்கள்கூடக் கோபப்படாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆவுடை மதுரை மொத்த வியாபாரிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அவள் கேட்டது சண்முகையாவைப் பற்றி இல்லை, சுந்தரியைப் பற்றி. அவர் சிரித்தார். "ஆண் ஆமைதாம்மா நகத்தை ஆட்டும். பொண்ணு சும்மா பாத்துக்கிட்டு இருக்கும். பிடிச்சா நிக்கும், பிடிக்கலைன்னா நீந்திப் போயிரும். பொண்ணு ஆட்டி நான் பாத்ததே இல்ல. நீ ஆணைப் பொண்ணுன்னு நெனச்சிருப்ப."

ஆவுடை மாற்றி நினைக்கிறவள் இல்லை. நகம் நீளமாகவும் வால் தடித்தும் இருப்பது தாசில்தார். பெயருக்கேற்றபடி எந்தக் காரியத்தையும் இன்றைக்கு முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இல்லாமல் கல்மேல் ஏறி விளக்கு வெளிச்சத்தில் காய்ந்துகொண்டிருப்பது அதன் வழக்கம். சுந்தரிதான் காதோரச் சிவப்புக்கோடு மின்ன அதைச் சுற்றிச் சுற்றி நீந்தி, முகத்துக்கு நேரே வந்து நின்று, கட்டை நகத்தை ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது. தாசில்தார் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். சுந்தரி அசராது, மறுபடியும் சுற்றி வரும்.

கை ஆடுவது டீக்கடையோடு நிற்கவில்லை. தொட்டி முனையிலிருந்து மறுமுனை மாவு மில் வரைக்கும், தெருவுக்குள் எவர் எவர்மேல் ஆசை வைத்திருந்தாரோ அவரைக் கண்டதும் கை ஆடியது. தாய் பிள்ளைப் பாசத்துக்கு ஆடவில்லை, அண்ணன் தங்கைக்கு ஆடவில்லை, கூட்டாளிகளுக்கு ஆடவில்லை. அதெல்லாம் வேறு கணக்கு. பெண்சாதிக்கு ஆடியது, புருஷனுக்கு ஆடியது, ஜன்னலுக்கு எதிர் ஜன்னலாக ஆடியது, பேசாமல் பிரிந்து மாடியிலும் கீழுமாகக் குடியிருந்த ஒரு தம்பதிக்கு நடுப்படியில் வைத்து ஆடி, அவர்கள் வெட்கம் பிடுங்கித் தின்ன ஒரே அடுப்புக்குத் திரும்பினார்கள். மாவு மில்லில் ஒருத்தர் கை ஆடி ஊர் முழுக்க வெள்ளையாகப் போனது. சவரக்கடைக்காரர் மாரியப்பன், பெண்சாதி எட்டிப் பார்க்கும் வாய்ப்பிருக்கிற நேரத்தில் கத்தியை எடுப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம் செய்து கொடுத்த பிறகுதான் ஆட்கள் மறுபடியும் கன்னத்தைக் காட்டினார்கள்.

ஆடக்கூடாத இடத்தில் ஆடிய கைகளும் உண்டு. அதற்குத் தெரு தானாகவே ஒரு மரியாதையைக் கண்டுபிடித்தது. அப்படி ஒரு கை எழும்பினால், பக்கத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்பார்கள். மேகமே இல்லாத கரிசல் பூமியில் அந்த வருஷம் பேசப்பட்ட மழைக்கு அளவே இல்லை. தையல்காரர் ஜபருல்லா சட்டை, சுடிதார், எல்லாவற்றுக்கும் ஆழமான பை வைத்துத் தைத்துக் கொடுத்தார். வாழ்நாளில் பையே வைத்துத் தைத்திராத பெண்களுக்கெல்லாம் பை கிடைத்தது. கையை மறைக்க வாங்கியவர்கள் பிறகு சாவி, சில்லறை, பட்டாணி எல்லாம் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நடந்தார்கள். இதற்கு 'ஆமைக்கை' என்று பெயரும் வந்துவிட்டது. "அவனுக்கு ஆமைக்கை வந்துட்டு, சீக்கிரம் பேசி முடிங்க" என்பது சாதாரணப் பேச்சாகப் போனது. ஜோசியர் பத்துப் பொருத்தத்தோடு கைப்பொருத்தம் என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். எல்லோருக்கும் சுண்டுவிரல் பிந்தித்தான் ஆடியது. பிந்தாமல் ஆடினால் அது வேஷம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இத்தனைக்கும் நடுவில் ஆடாதது ஆவுடையின் கை.

ஆவுடைக்கு முப்பத்தாறு வயது. மீன் செத்தால் அழுவாள், மனிதர்களிடம் அதட்டிப் பேசுவாள். கண்ணாடி மூடி விழுந்து நசுங்கியதில் இடது சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருக்கும், அவ்வளவுதான் குறை. அவள் கடை வாசலில் இருந்துதான் எல்லாம் கிளம்பியது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டது. கண்ணாடித் தொட்டியில் யாரோ குங்குமம்கூட வைத்துவிட்டுப் போனார்கள், அவள் திட்டிக்கொண்டே துடைத்தாள். ஆனால் சாயங்காலத்தில் கடையைச் சாத்திவிட்டு, மடியில் வைத்த கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். சீவி வைத்த பனங்கிழங்கு மாதிரி அது சும்மா கிடக்கும். ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு நம்மை மறந்துவிட்டதே இந்தச் சனியன் என்று சுந்தரியை நினைத்து வருத்தப்படுவாள். யாரையும் பிடிக்காத மனசுதான் நமக்கு வாய்த்தது போல என்று அவள் நம்பிவிட்டாள். அதுதான் அவளுக்குப் பெரிய துக்கம்.

அவள் கடைக்குத் தண்ணீர் கொண்டுவருகிறவர் கொம்பையா. நகராட்சித் தண்ணீரில் மருந்து வாடை, மீன் தாங்காது. அதனால் கொம்பையா தன் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை டிராக்டர் டேங்கில் ஏற்றிக்கொண்டு காலையில் வருவார். நாற்பது வயது, நல்ல உயரம், பேச்சு மட்டும் பஞ்சம். ஆவுடையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் நின்று டிரம்மைப் பார்த்து, "தண்ணி வந்திருக்கு" என்பார். புதுத்தண்ணீர் வரும்போதுதான் பழைய தண்ணீரை இறைத்துத் தொட்டி கழுவ முடியும் என்பதால், அந்த நேரத்தில் ஆவுடை முழங்கை வரை கையை ஆமைத்தொட்டிக்குள் விட்டுக் கூழாங்கல்லைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவர் பக்கம் திரும்பாமலே, "ஊத்துங்க" என்பாள்.

அவர் பிடித்திருக்கிற ரப்பர் குழாய் உதறிக்கொண்டு தண்ணீரை அங்கேயும் இங்கேயும் சிதறடிக்கும். "குழாயில காத்து அடைக்கி" என்பார் கொம்பையா.

ஆமைத்தொட்டித் தண்ணீர் கலங்கிக் குமிழி விடும். "மோட்டார் அதிருது" என்பாள் ஆவுடை.

ஆமைக்கை என்ற பேச்சே தெருவில் இல்லாத காலத்திலிருந்து இந்தக் காத்தும் இந்த மோட்டாரும் நடந்துகொண்டிருந்தன. தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்த மோட்டாரை ரிப்பேருக்குக் கொடுத்தும் பார்த்தாள். பழுது எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஆவுடை கடையின் பின்பக்கமே வீடு. அண்ணன் குருசாமி, மதினி மாரிக்கனியோடு இருந்தாள். குருசாமி தங்கச்சிமேல் உயிரை வைத்திருந்தவன், ஆனால் ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம்புகிறவன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உயரமாக ஒரு படி கட்டிவிட்டு, "இந்தப் பக்கம் எத்தனை வேணும்னாலும் வச்சுக்கோ தாயி, படி தாண்டி ஒண்ணு வரக்கூடாது" என்று சொல்லியிருந்தான். ஆமையும் இதுவரை தாண்டியதில்லை.

சாத்தூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை திருமேனி, சொந்தமாகச் சேவுக்கடை, நல்ல குணம், வயதும் சரி. ஆவுடை மறுத்துச் சொல்ல ஒரு காரணமும் கண்டுபிடிக்க முடியவில்லை. "கை ஆடாட்டா என்ன, சாத்தூர்ல யாருக்குமே கை ஆடுறதில்ல. அவுக எல்லாம் கல்யாணம் கட்டிக் குடும்பம் நடத்தலயா?" என்றாள் மாரிக்கனி. நியாயம்தான்.

பெண் பார்க்க மாப்பிள்ளையும் அவர் அம்மா சீனியம்மாளும், ஓலைப்பெட்டி நிறையக் காரச்சேவும் வந்தார்கள். ஆவுடை காப்பி கொடுத்தாள். திருமேனி காப்பியை வாங்கினான். இரண்டு பேர் கையும் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் மாதிரி மரியாதையாக இருந்தன. சீனியம்மாள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "எங்களுக்குப் பூரண சம்மதம். நீ சொல்லும்மா, சம்மதமா?" என்று நேராகவே கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து, கடைக் கதவு திறந்து கிடந்ததில், சுந்தரி எப்படித்தான் ஏறியதோ படியைத் தாண்டித் தொப்பென்று வீட்டுக்குள் விழுந்து, வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் நடுக்கூடத்தை நோக்கி நடக்கத் தொடங்கியது. அண்ணன் பார்த்தால் நெஞ்சு வெடித்துவிடும் என்ற பயத்தில் ஆவுடை வாய்விட்டுக் கத்தினாள்.

"ஆமை!"

குருசாமி நெஞ்சு வெடிக்காமல் ஒரே தாவாகத் தாவி, சுவரில் சாத்தியிருந்த, அரிசி புடைக்கிற சுளகை எடுத்து ஆமைமேல் கவிழ்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போலத் திரும்பிச் சிரித்தான். சீனியம்மாள் திரும்பிப் பார்த்தபோது சுளகு மட்டும்தான் தெரிந்தது.

"கேட்டீகளா? ஆமான்னுட்டா!" என்று சீனியம்மாள் கையைத் தட்டினாள். "வெக்கப்படாம எவ்வளவு சத்தமாச் சொல்லுது பிள்ள! எனக்கு இப்படித்தான் வேணும். தட்டைக் கொண்டாங்க, மாத்திக்கிருவோம்."

"இல்லத்தை, நான்..." என்று ஆவுடை தொடங்கினாள். மதினி அவள் காலை மிதித்தாள். அண்ணன் கண்ணால் கெஞ்சினான். வெற்றிலை பாக்குத் தட்டு கை மாறியது. பின்னாலே சுளகு மெதுவாகக் கூடத்தைக் கடந்து அடுப்படிப் பக்கம் நடந்து போய்க்கொண்டிருந்தது. அதைத் திருமேனி மட்டும் பார்த்தான். பார்த்துவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்தான்.

அவர்கள் போன பிறகு ஆவுடை அண்ணனிடம் சொன்னாள். "நான் ஆமைன்னுதானண்ணே சொன்னேன்."

"எனக்குத் தெரியாதா தாயி? ஆனா வெளிய சொல்லிராத. ஆமைன்னு சொன்னேன்னா, எங்க ஆமைன்னு கேப்பாக. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு வீட்டுக்குள்ள ஆமை வந்துச்சுன்னு ஊருக்குத் தெரிஞ்சா ஒனக்கு இனி எவன் வருவான்? ஆமான்னு சொன்னதாவே இருக்கட்டும். மாப்பிள்ள நல்ல பையன்."

ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். 'மை'யைச் சொன்னால் சகுனம் கெட்டது, 'மா' என்றே விட்டுவிட்டால் கல்யாணம். ஆவுடை யோசித்து யோசித்துப் பார்த்தாள். ஆடாத கை யாரிடம் போனால் என்ன என்று தோன்றியபோது அழுகை வந்தது. அழுதுவிட்டு, சரி என்று இருந்துவிட்டாள்.

கல்யாணத்துக்குப் பிறகு சாத்தூரில்தான் இருக்க வேண்டும், மீனும் ஆமையும் வேண்டாம் என்று சீனியம்மாள் அன்பாகத்தான் சொல்லி அனுப்பினாள். தெருவுக்குச் செய்தி தெரிந்ததும் ஆளாளுக்குக் கலங்கினார்கள். ஆமை போய்விட்டால் கையும் நின்றுவிடுமோ என்ற பயம் பாதி, ஆவுடையை நினைத்துப் பாதி. கடைசியில் ஆமைத்தொட்டியை டீக்கடைக்கு மாற்றி வைத்துக்கொள்வதென்று முடிவானது. மீன்களை வீட்டுக்கு வீடு பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஆவுடை கொம்பையாவிடம் சொன்ன காலையில் அவர் வழக்கம்போலக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் தொட்டிக்குள் கையை விட்டபடியே சொன்னாள்.

"வெள்ளிக்கிழமையோட கடையை மூடுதேன். இனிமே தண்ணி வேண்டாம்."

"வேண்டாமா?"

"வேண்டாம். சாத்தூருக்குப் போறேன்."

குழாய் அவர் கையை விட்டுத் துள்ளி, நெளிந்து, தெருவைத் தாண்டி டீக்கடையின் அடுப்பை அணைத்துவிட்டு அடங்கியது. கொம்பையா அதைப் பிடித்துச் சுருட்டினார். "காத்து" என்றார். வெகுநேரம் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் தெரு முழுக்கக் கடை வாசலில் கூடியிருந்தது. கல்யாணச் சேலை எடுக்க ஆவுடையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சீனியம்மாளும் திருமேனியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியைத் தூக்க நாலு பேர் சட்டையை மடித்துவிட்டு நின்றார்கள். தண்ணீரோடு தூக்கினால் கண்ணாடி விட்டுவிடும், முதலில் தண்ணீரை வெளியே எடுக்க வேண்டும் என்றார் ஜபருல்லா. இத்தனை வருஷமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிய கொம்பையாவையே கூப்பிட்டார்கள். அவர் குழாயின் ஒரு நுனியைத் தொட்டிக்குள் போட்டு, மறுநுனியில் வாய் வைத்து உறிஞ்சிச் சாக்கடையில் விட்டார். தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

ஆவுடை கடைசியாக ஒருதரம் கல்லைக் கழுவிவிடலாம் என்று முழங்கை வரை கையை உள்ளே விட்டிருந்தாள். அவளுக்கு எதிரே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கொம்பையா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கம்போலத் தண்ணீர் கலங்கியது, குமிழி வந்தது.

"மோட்டார் அதிருது" என்றாள் ஆவுடை.

"மோட்டாரைக் கழத்தி வச்சாச்சேக்கா" என்றார் தொட்டி தூக்க வந்தவர்களில் ஒருவர்.

கொம்பையாவின் கையில் குழாய் உதறியது. தண்ணீர் சாக்கடையைத் தாண்டிச் சிதறியது.

"காத்து" என்றார் கொம்பையா.

"உறிஞ்சி விட்ட குழாயில ஏது காத்து?" என்றாள் பேச்சித்தாய். "காத்து உள்ள போனா தண்ணி நின்னுல்லா போகும்?"

தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது. ஆவுடையின் முழங்கைக்குக் கீழே இறங்கியது, வளையலுக்குக் கீழே இறங்கியது, மணிக்கட்டுக்குக் கீழே இறங்கியது, பிறகு கூழாங்கல்லும் பாசியும் மட்டும் மினுமினுத்துக்கொண்டிருக்க, வற்றிய தொட்டிக்குள் ஆவுடையின் இரண்டு கையும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்ற கொம்பையாவைப் பார்த்துத் திரும்பி, உள்ளங்கை தெரிய, தண்ணீர்த்துளி நாலா பக்கமும் தெறிக்கப் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன. நசுங்கி வளைந்த இடது சுண்டுவிரல் மற்ற விரல்களுக்கு ஒரு நொடி பிந்தி ஆடியது.

அந்தச் சுண்டுவிரலைத் தெரு முழுக்கப் பார்த்தது. சண்முகையா தன் விரலைப் பார்த்துக்கொண்டார். ஜபருல்லா தன் விரலைப் பார்த்துக்கொண்டார். கல்லின்மேல் ஒதுங்கியிருந்த சுந்தரி, தாசில்தாரைப் பார்த்து நகத்தை ஆட்டியது. அதன் இடது காலின் கடைசி நகமும் பிந்தித்தான் ஆடியது.

"அடியாத்தி!" என்று பேச்சித்தாய் நெஞ்சில் கை வைத்தாள். "இத்தன நாளா நாம எல்லாரும் இவ கையையில்லா ஆட்டிக்கிட்டு இருந்திருக்கோம்! தொட்டிக்குள்ள கெடந்து இவ கையப் பாத்துப் பாத்துத்தானே இந்தச் சுந்தரி படிச்சிருக்கு!"

ஆவுடை தன் கையைப் பார்த்தாள், ஆடுகிற கை, தன்னுடைய கை. எத்தனை வருஷமாக ஆடியது இது, தண்ணீருக்குள்ளே, தனக்கே தெரியாமல்! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எதிரே பார்த்தாள். கொம்பையா குழாயைக் கீழே போட்டுவிட்டு நின்றார். பிடித்துக்கொள்ள இனி ஒன்றும் இல்லாத அந்தப் பெரிய கைகள் இரண்டும் மெதுவாக எழும்பி, நெஞ்சுக்கு நேரே வந்து, தெரு பார்க்க, அவள் பார்க்க, ஆடின.

யாரோ வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கே" என்று தொடங்கினார்கள். மாரிக்கனி அதட்டினாள். "மழையும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். இது பாக்க வேண்டிய கை, எல்லாரும் நல்லாப் பாருங்க."

சீனியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். முகம் சிவந்திருந்தது. "ஏம்மா, அன்னைக்கு நான் கேட்டப்ப ஆமான்னியே?"

குருசாமி கண்ணை மூடிக்கொண்டான். ஆவுடை தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னாள். "ஆமான்னு சொல்லலத்தை. ஆமைன்னு சொன்னேன். ஒங்களுக்குப் பின்னால ஆமை வந்துச்சு. என்னை மன்னிச்சிருங்க."

"ஆமையா? வீட்டுக்குள்ளயா? நான் பாக்கலையே!"

"நான் பாத்தேம்மா" என்றான் அதுவரை வாய் திறக்காத திருமேனி. "சுளகு நடந்து போச்சு."

"பாத்துட்டு ஏண்டா சொல்லல?"

"சொன்னா கல்யாணம் நின்னுருமேன்னு அவுகளுக்குப் பாவம் பாத்தேன். சொல்லாட்டா கல்யாணம் நடந்துருமேன்னு எனக்குப் பாவம் பாத்தேன். ரெண்டுக்கும் நடுவுல காப்பி ஆறிப்போச்சு, குடிச்சிட்டேன்."

சொல்லும்போதே அவன் கை எழும்பிவிட்டது. தெருக்காற்று அவனுக்கும் பழகிவிட்டது போல. ஆனால் அந்தக் கை ஆவுடை பக்கம் திரும்பவில்லை, கூட்டத்தில் எவர் பக்கமும் திரும்பவில்லை. கூரைகளையெல்லாம் தாண்டி வடக்கே, சாத்தூர் இருக்கிற திசையைப் பார்த்து, சுண்டுவிரல் பிந்தப் படபடவென்று ஆடியது.

சீனியம்மாள் அந்தத் திசையைப் பார்த்தாள். மகன் முகத்தைப் பார்த்தாள். "யாருடா அங்க?"

"பொறவு சொல்லுதேம்மா."

"கடையிலயா?"

"கடைக்குப் பக்கத்துல."

"அந்தப் பூக்கடைப் பிள்ளையா?"

திருமேனியின் கை இன்னும் வேகமாக ஆடியது. சீனியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டாள், கண்ணாடி கழன்று விழும் வரைக்கும் சிரித்தாள். "நல்ல காலம்டா, அந்த ஆமை நல்லா இருக்கணும். வாரப்ப ரெண்டு பெட்டி சேவு கொண்டாந்தேன், எடுத்துப் பிரிச்சு எல்லாருக்கும் குடுங்க."

குருசாமி மட்டும் முறுக்கிக்கொண்டு நின்றான். "அதெல்லாம் இருக்கட்டும். ஆளு நல்ல ஆளுதான். ஆனா நாலு பேரு என்ன சொல்லுவாக, நம்ம வழக்கம் என்ன, ஜாதகம் என்ன, யாரையும் கேக்காம..." என்று அடுக்கிக்கொண்டே போனவன் நடுவில் மாரிக்கனியின் முகத்தைப் பார்த்துவிட்டான். அவள் இடுப்பில் கை வைத்து முறைத்துக்கொண்டிருந்தாள். குருசாமியின் இரண்டு கையும் அவள் முகத்துக்கு நேரே எழும்பி ஆட ஆரம்பித்தன. விரலை ஆட்டிக்கொண்டே ஒரு மனுஷன் எப்படிக் கண்டிப்பாகப் பேசுவது? "சரி, சரி" என்று முடித்துக்கொண்டான்.

பிறகு எல்லோரும் கொம்பையாவைப் பார்த்தார்கள். அவர் டிரம்மைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். கடைசியில் முதல்முறையாக அவளைப் பார்த்தார்.

"ஆவுடை" என்றார். பெயரைச் சொல்லிவிட்டதில் அவருக்கே மூச்சு வாங்கியது. "சம்மதமா?"

ஆவுடை தொட்டிக்குள்ளிருந்து கையை எடுத்தாள். இந்த முறை அவள் கத்தவில்லை. நிறுத்தி, நிதானமாக, எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"ஆமை."

கொம்பையா அன்றைக்கே மறுபடியும் தண்ணீர் ஊற்றினார். காத்து என்று சொல்லவில்லை. தெருவில் பாதிப்பேர் நனைந்தார்கள். பங்கு போட்ட மீன்களெல்லாம் கிண்ணத்திலும் குடத்திலும் திரும்பி வந்தன. தாசில்தார்கூட அந்தப் புதுத்தண்ணீரில் கல்லைவிட்டு இறங்கி, ரொம்பவும் யோசித்து, தலையை நீட்டி, ஒரே ஒரு நகத்தை ஆட்டியதாகச் சண்முகையா சொல்லுவார். கல்யாணத்தன்று குருசாமி தன் கையாலேயே சுந்தரியைத் தூக்கிப் படியைத் தாண்டி வீட்டுக்குள் விட்டான். அந்த வீட்டுக்கு ஒரு குறையும் வரவில்லை. பின்னால் வந்த பிள்ளைகள்தான் படியிலே தடுக்கி விழுந்துகொண்டிருந்தன, அதனால் படியை இடித்துவிட்டார்கள்.

இன்றைக்கும் தண்ணித்தொட்டித் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணிடம் நேராகவே கேட்க வேண்டும். அவள் ஆமா என்று சொன்னால், கொஞ்சம் யோசித்துச் சொல்லட்டும் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஆமை என்று சொன்னால்தான் தட்டு மாற்றுவார்கள்.